உப்புக்காற்று ஊரில் பொருள் வாங்குவது: கேள்வி-பதில்

கேள்வி: வேளாங்கண்ணியில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. ஏசி வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வெளியே மாட்டிய யூனிட்டின் தகடெல்லாம் வெள்ளையாகப் பொரிந்து உதிர்கிறது. கோடை வந்தால் கேஸ் ஏற்று என்கிறார் மெக்கானிக். கம்பெனியோ "உப்புக்காற்றால் வந்தது, கேரண்டியில் வராது" என்று கைவிரிக்கிறது. வாங்கும்போது கடையில், "பீச் பக்கத்துக்கென்றே ஸ்பெஷல் கோட்டிங் மேடம்" என்றார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் கேஸ் ஏற்றுவதை நிறுத்துங்கள். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற சரக்கில்லை. குறைகிறதென்றால் எங்கோ ஓட்டை. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் வருடா வருடம் கேஸ் ஏற்றுவது மெக்கானிக்குக் கட்டும் சந்தா.

அந்த யூனிட்டுக்குள் செப்புக் குழாயைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். இரண்டு உலோகம் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் அலுமினியம்தான் முதலில் அரிபடும். நீங்கள் பார்க்கும் வெள்ளைப் பொடி அதுதான். தகட்டை நகத்தால் தொட்டாலே உதிர்கிற நிலை என்றால் கழுவிப் பயனில்லை. குழாயும் தகடும் சேர்ந்த அந்தக் காயிலையே மாற்ற வேண்டும்.

இனி கேரண்டி. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் "கடலோரச் சூழலால் ஏற்படும் அரிப்பு நீங்கலாக" என்ற மாதிரி ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தில் உங்கள் கை கொஞ்சம் தாழ்ந்துதான் இருக்கும். ஆனால் கடற்கரைக்கு ஏற்றது என்று சொல்லி விற்றார்களே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. கடைக்காரர் அனுப்பிய வாட்ஸப் செய்தி, அவர் கொடுத்த விளம்பரத் தாள், பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கர் எதுவானாலும் எடுத்து வையுங்கள். கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். அங்கேயே பாதி விவகாரங்கள் முடிந்துவிடுவது உண்டு.

அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கம்பெனியின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், அதைத் தவற விடாதீர்கள்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு: "கடலோர வீட்டில் மாட்டினாலும் காயிலுக்கு கேரண்டி உண்டு" என்று பில்லிலேயே எழுதி, சீல் வைத்துத் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிற கடை, பிறகு பேசவும் தயங்கும். வெளி யூனிட்டைக் கடலைப் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள். தாங்கும் ஸ்டாண்டு, பெயின்ட் அடித்த இரும்பாக இல்லாமல் கால்வனைஸ் செய்ததாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரால் தகடுகளைக் கழுவுங்கள். போர் தண்ணீரே உப்பாக இருக்கும் வீட்டில் அதை வைத்துக் கழுவுவது வேண்டாத வேலை.

கேள்வி: வேதாரண்யம் பக்கம் வீடு கட்ட ஆரம்பித்திருக்கிறோம். போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. கொத்தனார், "எல்லாரும் இதுலதானே கட்டுறாங்க" என்கிறார். கம்பிக் கடையிலோ கிலோவுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் துருப்பிடிக்காத கம்பி தருகிறேன் என்கிறார்கள். எதற்குச் செலவு செய்வது?

பதில்: தண்ணீருக்கு. அதன் பிறகு, கம்பியைப் பலகையில் ஒட்டாமல் தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டையான கவர் பிளாக்குக்கு. ஸ்பெஷல் கம்பியெல்லாம் அதற்கப்புறம்.

எல்லாரும் கட்டியது உண்மைதான். கட்டிப் பத்து வருடம் ஆன வீடுகளின் சன்ஷேடை அண்ணாந்து பாருங்கள். சிமெண்ட் பெயர்ந்து, உள்ளே கம்பி செதில் செதிலாகத் தொங்கும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை ஐஎஸ் 456. கடல் தண்ணீர் ஆகவே ஆகாது. ஒரு பாட்டிலில் உங்கள் போர் தண்ணீரைப் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். தேறவில்லையென்றால் லாரித் தண்ணீர் வாங்கத்தான் வேண்டும். கலவைக்கு நல்ல தண்ணீர், கட்டிய பிறகு நனைக்க உப்புத் தண்ணீர் என்று சிலர் சமாளிப்பார்கள். அதற்கும் சம்மதிக்காதீர்கள். கடற்கரை மணல் சல்லிசாகக் கிடைக்கிறது என்றால் அந்தப் பேச்சையே எடுக்க விடாதீர்கள்.

அடுத்து, கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் நடுவில் விடும் இடைவெளி. கடற்காற்று நேரடியாகப் படும் கட்டடத்துக்கு 45 மில்லிமீட்டர், அலைச் சாரலே அடிக்கும் இடமானால் 50 என்பது அதே தரநிலையின் கணக்கு. கான்கிரீட் தரமும் முன்னதற்கு எம் 30, பின்னதற்கு எம் 35-க்குக் குறையக் கூடாது. நம் ஊரில் நடப்பது என்ன? கம்பிக்கு அடியில் ஒரு ஜல்லியைச் செருகிவிட்டுப் போவார்கள். கான்கிரீட் கொட்டும்போது மேலே நாலு பேர் நடந்தால் ஜல்லி நகர்ந்துவிடும், கம்பி பலகையோடு பலகையாக ஒட்டிக்கொள்ளும். கவர் பிளாக் ஒன்றும் பெரிய விலை இல்லை. கான்கிரீட் போடும் அன்று காலையில் நீங்களே போய், அளவு எழுதிய பிளாக் ஒவ்வொரு இடத்திலும் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கொத்தனார் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், வீடு உங்களுடையது.

சிமெண்டில், இரும்பாலைக் கசடு கலந்த ஸ்லாக் வகை உப்புக்குக் கூடுதலாகத் தாங்கும். மூட்டையில் தயாரித்த வாரமும் வருடமும் அச்சிட்டிருக்கும், பழசை வாங்காதீர்கள். கம்பியை எடை மேடையில் நிறுத்து வாங்குங்கள். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று சுமார் 10.6 கிலோ வரவேண்டும். எடை கணிசமாகக் குறைந்தால் தடிமனில் ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தம். இலேசான செந்துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுப் பயன்படுத்தலாம். செதிலாக உரிந்தால் திருப்பி அனுப்புங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பில் தர மறுப்பதும் சட்டப்படி தவறு.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் நாகப்பட்டினம் மார்க்கெட்டில் "நம்ம கடல் மீன்" என்று சொல்லி வஞ்சிரம் விற்கிறார்கள். படகே போகாதபோது மீன் எங்கிருந்து வருகிறது?

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை, விசைப்படகுகளுக்குத்தான். ஃபைபர் படகுகள் கடலுக்குப் போய் வருகின்றன. அதனால் அந்த மாதங்களில் காலையில் கரைக்கு வரும் மீன் கொஞ்சமாக இருக்கும், நிஜமாகவே நம்ம கடல் மீனாகவும் இருக்கும். கேரளத்தில் தடை ஜூன் இரண்டாம் வாரத்தில்தான் தொடங்குகிறது, எனவே ஏப்ரல், மே மாதங்களில் அந்தப் பக்கத்து மீன் ஐஸ் பெட்டியில் இங்கே வருகிறது. ஒழுங்காக ஐஸில் வைத்த மீன் கெட்ட மீன் இல்லை. ஐஸ் மீனைக் கரை மீன் விலைக்கு விற்பதுதான் தப்பு. செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். கண் உள்வாங்கி மங்கியிருந்தால் வேண்டாம். வயிற்றருகே விரலால் அழுத்தினால் குழி விழாமல் எழும்ப வேண்டும்.

தராசையும் கவனியுங்கள். மீனை வைக்கும் முன் கூடையோடு எண் 0 காட்டுகிறதா? எலக்ட்ரானிக் தராசுக்கு வருடம் ஒருமுறை முத்திரை போட்டிருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். எடையளவு விவகாரம் அவர்கள் கையில்தான்.

கேள்வி: உப்பளத்திலிருந்து நேராக வரும் கல்லுப்பைத் தெருவில் படி கணக்கில் விற்கிறார்கள். சமையலுக்கு வாங்கலாமா?

பதில்: கருவாடு போட வாங்குங்கள். சாப்பாட்டுக்கு அயோடின் கலக்காத உப்பை விற்கவே சட்டம் அனுமதிப்பதில்லை. 1930-இல் உப்புச் சத்தியாகிரகம் நடந்த வேதாரண்யம் பக்கத்துக்காரர்களிடம் போய் உப்பு பற்றிச் சட்டம் பேசுவது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் இது வரிக்காக வந்த சட்டம் இல்லை, கழுத்துக் கழலைக்காக வந்தது. அயோடின் சேர்த்த கல்லுப்பும் பாக்கெட்டில் கிடைக்கிறது. வாங்கி மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

கேள்வி: சீர்காழியில் 2022 நவம்பர் மழையில் என் பைக் மூழ்கியது. இன்சூரன்ஸ் இருந்தும் இன்ஜினுக்குப் பணம் தரவில்லை. இந்த மழைக்கு என்ன செய்ய?

பதில்: ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. பாலிசியை எடுத்துப் பாருங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாயும் வராது. சொந்த வண்டிச் சேதமும் சேர்ந்த பாலிசி வேண்டும். அது இருந்தும், தண்ணீரில் நின்ற வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்திருந்தால், இன்ஜின் கெட்டது உங்களால் என்று சொல்லி மறுப்பார்கள். தண்ணீர் வடிந்ததும் சாவியைத் தொடாமல் படம் எடுத்துக் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டு, தள்ளிக்கொண்டோ வண்டியில் ஏற்றியோ சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள். அப்படிச் செய்தும் கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு ஒரு வருடத்துக்குள் எழுதலாம், அதற்கும் கட்டணம் இல்லை.