இரண்டாவது பெட்டி ஏன் தெரியவில்லை?

கேள்வி: கோண்டாவிலில் கலியாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பழைய பதிவுகள் சேர்ந்து சேர்ந்து இடமே இல்லை. கொழும்பில் ஒருவர், பாவித்த எஸ்ஏஎஸ் (SAS, சேர்வர் டிஸ்க்குகளை இணைக்கும் முறை) டிஸ்க் பெட்டிகள் இரண்டு இருப்பதாகச் சொன்னார். ஒவ்வொன்றிலும் 12 டிஸ்க். நேரில் போய்ப் பார்த்தேன். முதல் பெட்டியைக் கொம்பியூட்டரிலும், இரண்டாவதை முதல் பெட்டியிலும் மாட்டிக் காட்டினார். முதல் பெட்டியின் டிஸ்க்குகள் எல்லாம் வந்தன. இரண்டாவதில் ஒன்றுகூட வரவில்லை. “எக்ஸ்பாண்டரில் ரூட்டிங் டேபிள் எழுதவேண்டும். லினக்ஸில் இரண்டு கொமாண்ட் வேலை, உங்கட பெடியளே செய்துவிடுவார்கள்” என்கிறார். விலையிலும் கொஞ்சம் குறைக்கிறாராம். வாங்கலாமா?

பதில்: காசு இன்னும் கைமாறவில்லை என்றால் நல்லது, கொஞ்சம் பொறுங்கள். அவர் சொன்ன கொமாண்ட் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அதை நீங்கள் கையால் அடிக்கவேண்டி வந்தால் அந்தப் பெட்டியில் வேறு ஏதோ சரியில்லை என்றுதான் நான் எடுப்பேன்.

எக்ஸ்பாண்டர் என்பது பெட்டிக்குள் இருந்து டிஸ்க்குகளைக் கொம்பியூட்டரோடு இணைக்கும் சிப். அதை ஒரு தபாற்கந்தோர் என்று வையுங்கள். தன் வாசலிலேயே இருக்கும் வீட்டுக்கு வரும் கடிதத்தை அது நேரே கொடுத்துவிடும். இது டைரக்ட் வழி. தனக்குக் கீழே உள்ள உப தபாற்கந்தோரின் வீடுகளுக்கு ஒரு முகவரிப் பட்டியல் வைத்திருக்கும், விற்பவர் சொன்ன ரூட்டிங் டேபிள் அதுதான். இது டேபிள் வழி. இரண்டிலும் இல்லாத கடிதங்களை எல்லாம் மேலே தள்ளிவிடும். அதற்கு சப்ட்ராக்டிவ் வழி என்று பெயர். உங்கள் இரண்டாவது பெட்டி அந்த உப தபாற்கந்தோர். முதல் பெட்டியிடம் அதன் பட்டியல் இல்லாவிட்டால் அங்கே போகும் கடிதம் எதுவும் போய்ச் சேராது.

அந்தப் பட்டியலை யார் எழுதுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. செக்கனுக்கு 3 கிகாபிட் வேகக் காலத்துப் பழைய எக்ஸ்பாண்டர்களில், கொம்பியூட்டரில் செருகிய எஸ்ஏஎஸ் அட்டையோ லினக்ஸின் டிரைவரோ டிஸ்க்குகளைத் தேடிப் போகும்போதே பட்டியலையும் எழுதிவிடும். 6 கிகாபிட் தலைமுறையிலிருந்து எக்ஸ்பாண்டர்கள் தாங்களே எழுதிக்கொள்ளப் பழகிவிட்டன. இரண்டிலுமே மனிதக் கைக்கு வேலை இல்லை.

லினக்ஸில் எஸ்எம்பி யுடில்ஸ் என்று ஒரு இலவசத் தொகுப்பு உண்டு. விற்பவர் சொன்ன கொமாண்டுகள் அதற்குள் இருப்பவை. எழுதுவதற்கு முன், அதிலுள்ள ரிப்போர்ட் ஜெனரல் கொமாண்டை முதல் பெட்டிக்கு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வரும் வரிகளில் ‘எக்ஸ்டர்னலி கான்ஃபிகரபிள் ரூட் டேபிள்’ என்று ஒன்று இருக்கும். அதற்கு நேரே 0 என்றால் வெளியிலிருந்து எழுத இடமில்லை. உங்கள் பெடியள் தலைகீழாக நின்றாலும் அந்த எக்ஸ்பாண்டர் கேட்காது. 1 என்றால் எழுதலாம். எந்தத் தடம், பட்டியலில் எத்தனையாவது இடம், எந்த டிஸ்க்கின் 16 இலக்க எஸ்ஏஎஸ் முகவரி என்று மூன்றையும் ஒவ்வொரு பதிவுக்கும் கொடுக்கவேண்டும். இரண்டு பெட்டிகளையும் இணைக்கும் தடித்த கேபிளில் நான்கு தடங்கள் ஓடுகின்றன, ஒவ்வொரு தடத்துக்கும் தனிப் பட்டியல். 12 டிஸ்க்குக்குக் குறைந்தது 48 பதிவுகள். இதைத்தான் அவர் “இரண்டு கொமாண்ட்” என்கிறார்!

அதுவும் நிலைக்காது. கரண்ட் போய் வந்தால் பட்டியல் போய்விடும், திரும்ப முதலிலிருந்து. எங்கள் ஊர் கரண்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வீடியோ டிஸ்க்குகள் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு முகவரியைப் பிழையாக எழுதினால், எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்கும். யாருடைய கலியாணமோ அது.

அப்படியென்றால் ஏன் தெரியவில்லை? நான் முதலில் கேபிளைத்தான் சந்தேகிப்பேன். இரண்டாவது பெட்டியின் மேல்நோக்கிய வாய் (கேபிள் மாட்டும் போர்ட்), அதாவது சப்ட்ராக்டிவ் வாய், முதல் பெட்டியின் டேபிள் வாயில் சேரவேண்டும். பல பெட்டிகளில் இவற்றுக்கு இன், அவுட் என்று அடையாளம் இருக்கும். டேபிள் வாயை டேபிள் வாயோடு மாட்டினால் பழைய தலைமுறை எக்ஸ்பாண்டர்கள் ஏற்பதில்லை, பின்னால் உள்ள டிஸ்க்குகள் மறைந்துவிடும். ‘டேபிள் டு டேபிள் சப்போர்ட்டட்’ என்ற வரியும் அதே ரிப்போர்ட் ஜெனரலில் வரும். அப்புறம் டிஸ்கவர் என்ற கொமாண்டை ஓட்டினால் ஒவ்வொரு தடத்துக்கும் பக்கத்தில் டேபிளுக்கு T, சப்ட்ராக்டிவுக்கு S, அல்லது வேறு எழுத்து ஒன்று வரும். எந்த வாய் எந்த வகை என்று அதில் பிடிக்கலாம். கேபிளை மாற்றி மாட்டிவிட்டு, இரண்டாவது பெட்டியைத் தனியாகவும் கொம்பியூட்டரில் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தனியாகவும் வராவிட்டால் அது ரூட்டிங் பிரச்சினையே இல்லை, பெட்டியே பழுது. ஒரு பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கேபிள் மாற்றியதும் 24 டிஸ்க்கும் வந்தால், இரண்டு பெட்டிகளையும் அணைத்து, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி போட்டுப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பொறுமை இல்லாத வியாபாரியிடம் நான் வாங்கமாட்டேன்.

கேள்வி: பெட்டியோடு ஒரு பழைய எஸ்ஏஎஸ் அட்டையும், சில டிஸ்க்குகளும் சும்மா தருகிறாராம். வாங்கி வைக்கலாமா?

பதில்: அட்டையில் 1068 என்ற எண் கொண்ட சிப் இருந்தால் வேண்டாம். 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்கை அது முழுதாகக் காட்டாது, வீடியோக்காரருக்கு அதில் என்ன பயன்? டிஸ்க்குகள் பெரிய கொம்பனிகளின் சேமிப்புப் பெட்டிகளிலிருந்து கழற்றியவை என்றால், செக்டர் (டிஸ்க் ஒரு தடவையில் எழுதும் துண்டு) அளவு 512 பைட்டா 520 பைட்டா என்று கேளுங்கள். 520 என்றால் உங்கள் கொம்பியூட்டர் டிஸ்க்கைக் காணும், ஆனால் பாவிக்க விடாது. 512 ஆக மாற்றி ஃபோர்மட் செய்ய வழி உண்டு, ஒவ்வொன்றும் மணிக்கணக்கில் ஓடும்.

கேள்வி: வாங்கிய பிறகு பிரச்சினை வந்தால் எங்கே போவது?

பதில்: பற்றுச்சீட்டு எடுங்கள், அதில் “இரண்டு பெட்டிகளும் இணைத்துச் சோதிக்கப்பட்டன, 24 டிஸ்க்கும் தெரிந்தன” என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கேட்டால் வியாபாரி சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. முறைப்பாட்டுக்கு அதிகாரசபையின் 1977 என்ற இலக்கம் இருக்கிறது, ஆனால் போனில் சொன்னதோடு விடாமல் எழுத்திலும் கொடுங்கள், வாங்கி மூன்று மாதத்துக்குள். பஸ்ஸில் ஏற்றி விடுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வழியில் அடிபட்டதா, முதலே பழுதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.