வாசகர் கேள்வி – பதில்: வீட்டில் மீன் தொட்டி

வீட்டில் மீன் தொட்டி வைப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் பல, மீன் வாங்கி வந்த முதல் மாதத்திலேயே அவை இறந்துபோன வருத்தத்தைச் சொல்கின்றன. ஆகவே அந்த முதல் மாதத்தைப் பற்றிய கேள்விக்கு விரிவாகவும், மற்றவற்றுக்குத் தேவையான அளவிலும் பதில் தருகிறோம்.

எங்கள் மகன் மீன் வளர்க்க ஆசைப்படுகிறான். மேசை மேல் வைக்கும் கண்ணாடிக் கிண்ணம் போதுமா, தொட்டிதான் வேண்டுமா? எங்கே வைப்பது நல்லது?
– வாசகி, செங்கல்பட்டு

கிண்ணம் வேண்டாம். நீரின் அளவு குறையக் குறைய மீனின் கழிவு விரைவாக அடர்ந்துவிடும்; வெயில் ஏறும்போதும் இறங்கும்போதும் நீரின் சூடும் சட்டென்று மாறும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பெரிய தொட்டியைவிடச் சிறிய தொட்டியே கடினமானது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியை எல்லா மீன் கடைகளிலும் ஆயத்தமாக வைத்திருப்பார்கள். விளிம்பு வரை நிரப்பினால் ஏறக்குறைய 55 லிட்டர் பிடிக்கும். கல் போட்டு, மேலே சிறிது இடம் விட்டால் 45 லிட்டர் நிற்கும். தொடக்கத்துக்கு அது போதும்.

நீர், கண்ணாடி, கூழாங்கல் எல்லாம் சேர்ந்தால் எடை 70 கிலோவை நெருங்கும் என்பதால், ஆடாத, மட்டமான மேடை அவசியம். கண்ணாடிக்கு அடியில் தெர்மாகோல் அட்டை ஒன்றை விரித்துவிட்டால், மேடையில் இருக்கும் சிறு மேடுபள்ளங்கள் கண்ணாடியைத் தாக்கமாட்டா. நேர் வெயில் படும் சன்னல் ஓரத்தில் வைத்தால் பாசி பிடித்து நீர் பச்சையாகிவிடும். கொசு மருந்து அடிக்கும் அறையும் தாளிப்புப் புகை வரும் இடமும் ஆகாது. இரண்டு சிறு விஷயங்களைக் கடைக்காரர் சொல்லாமல் விடக்கூடும். ஏர் மோட்டாரை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள்; கீழே வைத்தால், மின்சாரம் நிற்கும்போது தொட்டி நீர் குழாய் வழியே மோட்டாருக்குள் இறங்கிவிடும். மின்கம்பி பிளக்கை அடையும் முன் சற்றுத் தாழ்ந்து தொங்கி மேலேறும்படி இருக்கட்டும். கம்பி வழியே வழியும் நீர் பிளக்குக்குப் போகாமல் அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும்.

தொட்டி வாங்கிய அன்றே பத்து மீன்களையும் விட்டோம். மூன்றாம் நாள் தண்ணீர் பால்போல் மங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பிறகு ஒவ்வொன்றாக இறந்தன. எல்லாவற்றையும் கொட்டி, கல்லை வெயிலில் காயவைத்து, புதுத் தண்ணீர் நிரப்பி மறுபடி மீன் விட்டோம். அதே கதைதான். தண்ணீரில் என்ன கோளாறு?
– வாசகர், திருச்சி

தண்ணீரில் கோளாறு இல்லை. அந்தத் தண்ணீரில் இருக்க வேண்டிய உயிர்கள் இன்னும் வந்து சேரவில்லை. மீன் தன் செவுள்களின் வழியாகவும் கழிவின் வழியாகவும் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் அடியில் தங்கி அழுகும் இரையிலிருந்தும் அதுவே வருகிறது. பழகிய தொட்டியில் நைட்ரோசோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்கள் அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. முதல் இரண்டும் கடும் நச்சு. மூன்றாவதை மீன்கள் ஓரளவு தாங்கிக்கொள்ளும், வாராவாரம் கொஞ்சம் நீரை மாற்றினாலே அது குறைந்துவிடும். இந்த நுண்ணுயிர்கள் நீரில் மிதப்பதைவிட ஃபில்டர் பஞ்சிலும் கல்லின் மேலும் ஒட்டித்தான் வாழ்கின்றன; போதிய அளவு பெருக அவற்றுக்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். நீங்கள் அவை இல்லாத தொட்டியில் ஒரே நாளில் பத்து மீன்களின் கழிவை ஏற்றினீர்கள். பின்பு, அரும்பத் தொடங்கியிருந்த கொஞ்சநஞ்சத்தையும் வெயிலில் காயவைத்துவிட்டீர்கள். நம் வீடுகளில் மீன் தொட்டியைப் பாத்திரம் விளக்குவதுபோல் மாதம் ஒருமுறை முழுக்கக் கழுவிக் கவிழ்க்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. மீன்கள் இறப்பதற்கு நோயைவிட அதுவே பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து.

இம்முறை இப்படிச் செய்யுங்கள். கல், நீர், ஃபில்டர் எல்லாவற்றையும் அமைத்து, ஃபில்டரை இரவு பகலாக ஓடவிடுங்கள். மீன் விடாமல், நாளும் ஒரு சிட்டிகை மீன் இரையை மட்டும் போட்டுவாருங்கள். அது அழுகித் தரும் அம்மோனியாவே நுண்ணுயிர்களுக்கு உணவு. தண்ணீர் வெள்ளையாக மங்கினால் கலங்க வேண்டாம். சில நாட்களில் தானே தெளியும். சொட்டு விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் சுழியத்தைத் தொட்டு அங்கேயே நின்று, நைட்ரேட் மட்டும் தெரியும் நாளில் தொட்டி மீனுக்கு ஆயத்தம். இந்தக் காத்திருப்பைக் குறைக்க ஒரு வழி உண்டு: நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஈரம் உலராமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான் இதுவும்.

அதன் பிறகும் முதல் வாரம் மூன்று நான்கு மீன்கள், பத்து நாள் கழித்து இன்னும் சில என்று ஏற்றுங்கள். வாரம் ஒருமுறை நீரில் நான்கில் ஒரு பங்கை மட்டும் மாற்றுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் அலசக் கூடாது. குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரை ஒரு வாளியில் பிடித்து, அதில் பஞ்சை இரண்டு மூன்று முறை அமுக்கிப் பிழியுங்கள். பழுப்பு நிறக் கசண்டு வெளிவரும். பஞ்சு முழுக்க வெளுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் அப்படியே திரும்பப் பொருத்திவிடுங்கள்.

எங்கள் பகுதியில் போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது. லாரியில் வரும் மெட்ரோ தண்ணீரில் பிளீச்சிங் வாடை அடிக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றிவிடலாமா?
– வாசகி, தாம்பரம்

ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றினால், அதில் தாது உப்புகள் மிகக் குறைவாக இருப்பதால் நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு நிலையாக நிற்காமல் திடீரென்று சரிந்துவிடும்; மீனின் உடலுக்குத் தேவையான கால்சியமும் கிடைக்காது. போர் தண்ணீருடன் சரிபாதி கலந்து பயன்படுத்தலாம். குளோரின் வாடை உள்ள நீரை அகன்ற பாத்திரத்தில் பிடித்து, ஏர் மோட்டாரின் காற்றுக்கல்லை அதில் போட்டு ஒரு நாள் வைத்திருந்தால் குளோரின் போய்விடும். அவசரத்துக்குக் கடையில் விற்கும் சோடியம் தயோசல்ஃபேட்டை அதன் உறையில் சொல்லியுள்ள அளவில் கரைத்துக்கொள்ளலாம். போர் தண்ணீரிலும் நிலத்தடியிலிருந்து வந்தவுடன் ஆக்சிஜன் குறைவாகவே இருக்கும் என்பதால், அதையும் ஒரு நாள் காற்றோட்டத்தில் வைத்துவிட்டு ஊற்றுவது நல்லது.

ஆனால் ஊர்த் தண்ணீரை மீனுக்கேற்ப மாற்றுவதைவிட, தண்ணீருக்கேற்ற மீனைத் தேர்ந்தெடுப்பது எளிது, செலவும் குறைவு. உங்கள் போர் தண்ணீர்போல் தாது உப்புகள் மிகுந்த கடினநீர் உங்களுக்குக் குறையே அல்ல. கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் ஆகிய குட்டி போடும் மீன்கள் அத்தகைய நீரில்தான் செழிக்கும். மோலி உப்பங்கழி நீரிலும் வாழக்கூடியது. அமேசான் படுகையின் மென்னீரைச் சேர்ந்த நியான் டெட்ராவையும் டிஸ்கஸையும் உங்கள் போர் தண்ணீரில் விட்டுத் துன்புறுத்த வேண்டாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பி.எச். 7 ஆக இருக்கும் நீரில் அம்மோனியாவின் கொடிய வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு, பி.எச். 8 ஆகும்போது அது ஐந்தாறு பங்கை எட்டுகிறது. கடினநீரின் பி.எச். பெரும்பாலும் மேலேதான் நிற்கும் என்பதால், மேலே சொன்ன காத்திருப்பு உங்களுக்கு இன்னும் முக்கியம். ஆவியாகிக் குறைந்த நீருக்கு ஈடாக மேலே ஊற்றும்போது மட்டும் ஆர்.ஓ. நீரைத் தனியாகவே ஊற்றலாம். நீர்தான் ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே தங்குகிறது.

இரண்டடித் தொட்டியில் தங்க மீன், ஃபைட்டர், ஏஞ்சல், கப்பி, டேங்க் கிளீனர் எல்லாம் சேர்த்து எத்தனை விடலாம்?
– வாசகர், கடலூர்

இந்தப் பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் பதில். தங்க மீன் ஓரடி வரை வளரக்கூடியது, குளிர்ந்த நீரை விரும்புவது, மிகுந்த கழிவு விடுவது. இரண்டடித் தொட்டி அதற்குப் போதாது. ஏஞ்சல் வளர்ந்ததும் கப்பியை விழுங்கும். ஆண் ஃபைட்டர் இன்னொரு ஆண் ஃபைட்டரைப் பார்த்தால் கிழித்துவிடும். கப்பியின் நீண்ட வாலையும் சும்மா விடாது. ஃபைட்டர் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கக்கூடியது என்பதால், அதைப் புட்டியில் அடைத்து விற்கிறார்கள். அதனால் புட்டி அதற்குப் போதும் என்று ஆகிவிடாது. டேங்க் கிளீனர் பற்றிக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

உங்கள் தொட்டிக்கு ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற கணக்கில் கப்பிகள் எட்டு வரை வாங்கலாம். பெண்கள் குறைவாக இருந்தால் ஆண்கள் ஓயாமல் துரத்திக் களைப்படையச் செய்யும். ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். ஒருமுறை இணைந்த பெண், ஆணின் துணையில்லாமலேயே பல மாதங்கள் குட்டி ஈனும். ஆகையால் முதலில் குறைவாகவே வாங்குங்கள்.

சென்னைப் பக்கம் வரும்போது வண்ண மீன் வளர்ப்புக்கும் வணிகத்துக்கும் பெயர்போன கொளத்தூருக்குச் சென்றால் பல கடைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மீனின் விலையைக் கேட்கும் முன் அந்தத் தொட்டியைப் பாருங்கள். இறந்த மீன் கிடக்கிறதா, துடுப்பை உடலோடு ஒட்டி மூலையில் நிற்கும் மீன் உண்டா என்று கவனித்து, ஒன்று அப்படி இருந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து எதையும் வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் பையை மூடியபடியே கால் மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு தொட்டி நீரைப் பைக்குள் சிறிது சிறிதாகச் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பையில் வந்த நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

வெயில் காலத்தில் இரவு மின்சாரம் போனால் காலையில் மீன்கள் மேலே வந்து திணறுகின்றன.
– வாசகர், மதுரை

25 டிகிரி நீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைக்கும். 32 டிகிரியில் அது 7.3 ஆகக் குறைகிறது, மீனின் தேவையோ கூடுகிறது. பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் மோட்டார் ஒன்று வாங்கி வையுங்கள். அதுவரை, குவளையால் நீரை முகந்து ஓரடி உயரத்திலிருந்து மெல்ல ஊற்றினாலும் காற்று கலக்கும். இரவு இரையைத் தவிர்த்துவிடுங்கள். மீன்களின் எண்ணிக்கையையும் குறையுங்கள்.

ஊருக்குப் போகும்போது இரைக்கு என்ன செய்வது?
– வாசகி, காரைக்குடி

நான்கைந்து நாள் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். வளர்ந்த மீன்கள் தாங்கும். பக்கத்து வீட்டாரிடம் டப்பாவோடு கொடுத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து, ஏனென்றால் அன்பு மிகுந்து அள்ளிப் போட்டுவிடுவார்கள். ஊரில் இருக்கும் நாட்களிலும் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போதும்.

புது மீன் விட்ட ஒரு வாரத்தில் எல்லா மீன்களின் உடலிலும் உப்புத்தூள் அளவில் வெண்புள்ளிகள் தோன்றி, அவை கல்லில் உரசிக்கொள்கின்றன.
– வாசகர், கோயம்புத்தூர்

இது வெண்புள்ளி நோய். ஒரு நுண்ணிய ஒட்டுண்ணியால் வருவது. புள்ளியாகத் தெரியும்போது அது மீனின் தோலுக்கடியில் இருப்பதால் மருந்து எட்டாது. முதிர்ந்து உதிர்ந்து, அடியில் நூற்றுக்கணக்கில் பிளந்து, அடுத்த மீனைத் தேடி நீந்தும் கட்டத்தில்தான் அது மருந்துக்குச் சிக்கும். எனவே புள்ளிகள் மறைந்த பிறகும் ஒரு வாரம் சிகிச்சையைத் தொடர வேண்டும். குளிர்மாதங்களில் நீரின் சூடு சட்டென்று இறங்குவதும் இதைத் தூண்டும். 50 வாட் ஹீட்டர் ஒன்று உங்கள் ஊருக்குத் தேவைப்படும். சூட்டை மெதுவாக 30 டிகிரிக்கு உயர்த்தி, காற்றோட்டத்தைக் கூட்டி, லிட்டருக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் கல் உப்பை வேறு பாத்திரத்தில் கரைத்து ஊற்றுங்கள். கப்பி, மோலிக்கு இது தொல்லை தராது. இனி வாங்கும் மீனை இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகு சேருங்கள்.

நான்கு ஆண்டுக்கு முன் விரல் நீளத்தில் வாங்கிய டேங்க் கிளீனர் இப்போது ஓரடிக்கு மேல் இருக்கிறது. எங்கள் ஊர் ஏரியில் விட்டுவிட்டால் பாவம் பிழைத்துக்கொள்ளுமே?
– வாசகர், தஞ்சாவூர்

பிழைத்துக்கொள்ளும், அதுதான் பிரச்சினை. தென்னமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீனுக்கு உடலெங்கும் கவசம்போன்ற தகடுகளும் முள் துடுப்புகளும் இருப்பதால், நம் நீர்நிலைகளில் அதை உண்ணும் உயிர்கள் மிகக் குறைவு. ஆக்சிஜன் குறைந்த சாக்கடை நீரிலும் அது காற்றை விழுங்கி வாழும், கரையில் வளை தோண்டி முட்டையிடும். இப்படி விடப்பட்டவை தமிழ்நாட்டு ஏரி குளங்களில் ஏற்கெனவே பெருகி, கெண்டையும் விராலும் பிடித்துப் பிழைப்பவர்களின் வலைகளைக் கிழிக்கின்றன. வலையில் சிக்கினாலும் விலை போவதில்லை. ஏரியிலும் கால்வாயிலும் கோயில் குளத்திலும் அதை விடவே கூடாது. வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள். பெரிய தொட்டி உள்ள சில கடைக்காரர்கள் பணம் தராவிட்டாலும் மீனை வாங்கிக்கொள்வார்கள். இல்லையென்றால், வெளியே நீர் வழியாத சிமென்ட் தொட்டி வைத்திருக்கும் மீன் வளர்ப்பாளர் யாரிடமாவது கொடுங்கள். கண்ணாடியில் படியும் பாசிக்கு, பழைய வங்கி அட்டை ஒன்றால் வாரம் ஒருமுறை சுரண்டிவிடுவதே போதும்.