ஹானர்ஸ் படிப்பு: வட சென்னை மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

வியாசர்பாடியிலிருந்து ஒரு மாணவர்: ஐயா, சாதாரண பி.ஏ.வுக்கும் ஹானர்ஸுக்கும் உண்மையான வேறுபாடு என்ன?

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளங்கலைப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட்டும் (படிப்பு நேரத்தை அளக்கும் அலகு) நான்காண்டு ஹானர்ஸுக்கு 160 கிரெடிட்டும் தேவை. கூடுதலாக வரும் 40 கிரெடிட்டில் 20 மேஜர் (முதன்மைப்) பாடத்துக்கும், 8 மைனர் (துணைப்) பாடத்துக்கும், 12 ஆய்வேட்டுக்கோ அதற்கு மாற்றான பாடங்களுக்கோ உரியவை. ஆகவே நான்காம் ஆண்டு என்பது பெரும்பாலும் ஒரே துறையை ஆழ்ந்து படிப்பதற்கானது; பலவற்றைத் தொட்டுப் பார்க்க விரும்புபவருக்கு முதல் மூன்று ஆண்டுகளே போதும். நம் மாநிலப் பல்கலைக்கழகங்களின் கீழுள்ள கலை, அறிவியல் கல்லூரிகளில் இளங்கலை பொதுவாக மூன்றாண்டுப் படிப்பாகவே நடக்கிறது என்பதால், நான்காண்டுப் படிப்பை விரும்புபவர் விண்ணப்பிக்கும் முன்பே அந்தந்த நிறுவனத்தின் பாடத்திட்டத்தைப் படித்துவிட வேண்டும்.

ராயபுரத்திலிருந்து ஒரு மாணவி: ஆய்வுடன் கூடிய ஹானர்ஸுக்கு எல்லோரும் செல்ல முடியுமா?

முடியாது. முதல் ஆறு செமஸ்டர்களில் 75 சதவீத மதிப்பெண் பெற்றவர்களுக்கே அது கிடைக்கும். மற்றவர்கள் ஆய்வேட்டுக்கு மாற்றாக அதே 12 கிரெடிட்டுக்கு மூன்று பாடங்களைப் படித்து ஹானர்ஸ் பெறலாம். அதைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் முதுகலை படிக்காமல் நேரடியாக முனைவர் பட்டத்துக்குச் செல்ல நினைப்பவர், நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் வேண்டும் என்ற 2022ஆம் ஆண்டு விதியை முதல் செமஸ்டரிலிருந்தே மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

பெரம்பூரிலிருந்து ஒரு வரலாற்று மாணவர்: செமினார் பாடத்தை எளிதாக முடித்துவிடலாம் என்கிறார்கள். தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

எளிது என்று சொன்னவர் கணக்குப் பார்க்கவில்லை. விரிவுரையில் ஒரு கிரெடிட் என்பது 15 மணி நேரம். செமினாரிலோ அதே ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேர உழைப்பைக் கட்டமைப்பு எதிர்பார்க்கிறது. பிறர் எழுதியதைத் தொகுத்து ஸ்லைடில் ஒட்டி வாசிப்பது செமினார் ஆகாது. நீங்கள் ஒரு கேள்வியை எழுப்பி, அதற்கான சான்றுகளை வகுப்பின் முன் வைத்து, குறுக்குக் கேள்விகளுக்கு ஈடுகொடுக்க வேண்டும்.

தலைப்பைத் தேடி நீங்கள் வெகு தூரம் போக வேண்டாம். சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் உங்கள் பெரம்பூரில்தான் தொடங்கியது. "வட சென்னைத் தொழிலாளர் வரலாறு" என்று வைத்தால் ஒரு செமஸ்டர் போதாது. மாறாக, 1921 பி அண்டு சி (பக்கிங்காம், கர்நாட்டிக்) பஞ்சாலை வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஏன் விலகி நின்றார்கள் என்று கேட்டுப் பாருங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எதைத் தேட வேண்டும் என்பது தானாகவே தெளிவாகும். விடை கசப்பாக இருந்தாலும் அதை மழுப்பாமல் எழுதுங்கள்.

திருவொற்றியூரிலிருந்து ஒரு பொறியியல் மாணவர்: எங்களுக்கும் ஹானர்ஸ் உண்டா?

உண்டு, ஆனால் அது வேறு வகை; ஆண்டு அதிகமாகாது, பாடம்தான் அதிகமாகும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி ஐந்தாம் செமஸ்டரிலிருந்து கூடுதலாக 18 கிரெடிட் பெற வேண்டும். அவை உங்கள் துறையிலிருந்தே வந்தால் ஹானர்ஸ். வேறு துறையின் ஒரு வெர்ட்டிகலிலிருந்து (ஒரு பொருளைச் சார்ந்த பாடத் தொகுப்பிலிருந்து) வந்தால் மைனர். ஹானர்ஸுக்கு அரியர் இல்லாமல் முதல் முயற்சியிலேயே எல்லாப் பாடங்களிலும் தேறியிருப்பதும், சி.ஜி.பி.ஏ. (ஒட்டுமொத்தத் தரப்புள்ளிச் சராசரி) 7.50க்குக் குறையாதிருப்பதும் கட்டாயம். நான்காம் செமஸ்டர் வரையிலான மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்வதே அறிவுடைமை.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தந்தை: மகளுக்கு ஓர் ஆண்டு வீணாகாதா?

முதுகலை வரை படிக்க வைப்பதாக இருந்தால் வீணாகாது. மூன்றாண்டுப் பட்டத்துக்குப் பின் முதுகலை இரண்டாண்டு. ஹானர்ஸுக்குப் பின் ஓராண்டு முதுகலை போதும் என்று மானியக் குழு சொல்கிறது. அந்த ஓராண்டு முதுகலையை நடத்தும் நிறுவனம் எட்டும் தொலைவில் இருக்கிறதா என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். உடனே வேலைக்குச் செல்வதானால் மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டத்தோடு வெளியேற வழி இருக்கிறது.