மீதி 3,000 ரூபாயை நேரடியாக அனுப்பலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் அப்பா கைலி நெய்து மொத்த வியாபாரம் செய்கிறார். ஆன்லைனில் சில்லறையாக விற்கலாம் என்று நான் இறங்கினேன். வெளிநாட்டு ஃப்ரீலான்ஸ் தளம் ஒன்றில் 900 ரூபாய்க்கு லோகோ வாங்கினேன். அதில் தமிழ் எழுத்து உடைந்திருக்கிறது. வேறொரு கடையின் லோகோவும் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கிறது. அதே தளத்தில் இன்னொருவரிடம் 6,000 ரூபாய்க்கு இணையதளம் செய்யச் சொன்னேன். பாதி வேலைக்குத் தளம் வழியாகப் பணம் கட்டிவிட்டேன். மீதி 3,000 ரூபாயை நேராகத் தன் வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் வேகமாக முடித்துத் தருகிறேன் என்கிறார். வேலூரில் கேட்டால் 25,000 சொல்கிறார்கள். என்ன செய்வது?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: அனுப்பாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம், இதில் மட்டும் யோசனையே வேண்டாம்.

தளம் வழியாகக் கட்டும் பணம் உடனே அவர் கைக்குப் போவதில்லை. நீங்கள் வேலையை ஏற்றுக்கொள்ளும்வரை தளம் பிடித்து வைத்திருக்கும். உங்களுக்கு இருக்கும் ஒரே பிடி அதுதான். வெளியே அனுப்பினால் அதுவும் போய்விடும்; நாளை புகார் செய்தாலும், விதியை மீறியவர்களில் நீங்களும் ஒருவர் என்று தளம் கைகழுவிவிடும். அவர் ஏன் கேட்கிறார் என்பது புரிகிறது. ஃபைவர் போன்ற தளத்தில் வேலை செய்பவரின் வருமானத்தில் 20 சதவீதத்தைத் தளம் எடுத்துக்கொள்கிறது. வயிறு எரியத்தான் செய்யும். அதற்காக நஷ்டத்துக்கான வாய்ப்பை நீங்கள் ஏன் ஏற்க வேண்டும்?

இப்போது அந்த லோகோ. 900 ரூபாயில் 20 சதவீதம் போனால் 720. டாலரை மாற்றும் செலவு, பணம் எடுக்கும் கட்டணம் எல்லாம் கழித்தால் இன்னும் குறையும். அதில் குடும்பம் நடத்த வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு எத்தனை லோகோ போட வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களுக்குக் கிடைத்திருப்பது அரை மணி நேர வேலை, அவ்வளவுதான். அந்த அரை மணியில் முதலில் பலியாவது கேள்வி கேட்பது. கைலி மூட்டியதா மூட்டாததா, கட்டம் போட்டதா, யார் கட்டுவார்கள், எந்த ஊருக்குப் போகும் என்று ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். ஏற்கெனவே இருக்கும் மாதிரி ஒன்றை எடுத்துப் பெயரை மாற்றித் தந்திருப்பார். அதே மாதிரியை வேறு யாருக்கோ வேறு யாரோ விற்றிருப்பார்கள். இரட்டைப் பிள்ளை மாதிரி இன்னொரு லோகோ முளைத்தது அப்படித்தான்.

எழுத்து உடைந்ததற்கும் காரணம் இருக்கிறது. இல்லஸ்ட்ரேட்டர் போன்ற வரையும் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான தெரிவைத் தனியாக இயக்க வேண்டும். இயக்காவிட்டால் முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் உட்காரும். 'கைலி', 'கைத்தறி' இரண்டிலும் சங்கிலிக்கொம்பு இருக்கிறதே, மாட்டிக்கொண்டீர்கள். தமிழ் தெரியாதவர் கண்ணுக்கு அது பிழையாகவே படாது. நம்மூர் டிடிபி கடைப் பையன் தூரத்திலிருந்தே பிடித்துவிடுவான்.

ஐந்து நட்சத்திரம் இருந்ததே என்று கேட்பீர்கள். நட்சத்திரம் போடுவது வேலை கைக்கு வந்த சூட்டில். லோகோ இன்னொரு கடையில் தெரிவதும், ஃப்ளெக்ஸ் அடிக்கப் போனால் படம் பொரிப்பொரியாக உடைவதும் மாதங்கள் கழித்துத்தான். அதற்குள் மதிப்பெண் ஏறியிருக்கும். இன்னொன்று, ஃபைவரில் வேலையை ஒப்படைத்த 3 நாளில் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் ஆர்டர் தானாக முடிந்ததாகிவிடும். அப்வொர்க் என்ற இன்னொரு தளத்தில் கட்டம் கட்டமாகப் பணம் கட்டும் வேலைக்கு 14 நாள். நீங்கள் ஆள் பிடித்த தளத்தில் எத்தனை நாள் என்று இன்றே பாருங்கள்.

இந்த லோகோவை விட்டுவிடுங்கள். 900 ரூபாய் போனது போகட்டும். அப்பா இத்தனை வருடம் கைலியில் ஒட்டி அனுப்பிய பழைய லேபிள் இருக்கும் இல்லையா? அதையே சுத்தமாக வரைந்து தரச் சொல்லுங்கள். மொத்த வியாபாரிகளுக்குத் தெரிந்த முகம் அது. வரைந்தவரிடம் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோப்பாக, அதாவது இல்லஸ்ட்ரேட்டரின் .ai அல்லது .svg கோப்பாக வாங்குங்கள். ஜேபிஜி மட்டும் போதாது. கூடவே ஒரு தாளில் உரிமையை உங்களுக்கு மாற்றிக் கொடுப்பதாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆகவே இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். பெயரை டிரேட்மார்க் பதிவு செய்வதானால் தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு (பொருள் வகைக்கு) 4,500 ரூபாய். அதற்கு முன் அதே பெயர் இருக்கிறதா என்று அரசுத் தளத்திலேயே இலவசமாகத் தேடலாம்.

லோகோவைவிட எனக்கு உங்கள் இணையதளம்தான் கவலை. டொமைன், அதாவது தளத்தின் முகவரி, யார் பெயரில், யார் மின்னஞ்சலில் வாங்கப்பட்டிருக்கிறது? 'எல்லாம் சேர்த்து 6,000' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் தங்கள் கணக்கிலேயே வாங்கிவிடுவார்கள். அடுத்த வருடம் புதுப்பிக்க வேண்டிய நாளில் அவர் போனை எடுக்கவில்லை என்றால் உங்கள் கடைப் பெயர் அவர் கையில். கட்டிய பணத்துக்கு ரசீது இருந்தும் பயனில்லை. இன்றே கேளுங்கள்: டொமைனும் ஹோஸ்டிங்கும் (தளத்தை வைக்கும் வாடகை இடம்) என் மின்னஞ்சலில், என் கார்டில் இருக்க வேண்டும். நீங்களே உள்ளே நுழைந்து கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்த பிறகுதான் வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும். அவர் போட்டிருக்கும் தீம் (ஆயத்த வடிவமைப்பு) காசு கொடுத்து வாங்கியதா என்றும் கேளுங்கள். திருட்டுப் பிரதியாக இருந்தால் உள்ளே வேண்டாத நிரல் ஒளிந்திருக்கலாம், வாடிக்கையாளரின் விவரம் எங்கே போகும் என்றே தெரியாது. பணம் வாங்கும் வசதியை இணைக்கிறேன் என்று பான் கார்டு, பாஸ்புக் படம், ஓடிபி கேட்டால் தர வேண்டாம். அந்தக் கணக்கை நீங்களே தொடங்குங்கள். ஏற்கெனவே கொடுத்து, பணமும் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே கூப்பிடுங்கள்.

இவரிடம் பேசுவதெல்லாம் தளத்தின் சாட்டிலேயே இருக்கட்டும், வாட்ஸ்அப்புக்கு மாறாதீர்கள். 'மீதியைத் தளம் வழியாகவே கட்டுகிறேன், இன்ன தேதிக்குள் இவை வேண்டும்' என்று எழுதுங்கள். மறுத்தால் ஆர்டரை ரத்து செய்யக் கேளுங்கள். அவர் வெளியே பணம் கேட்ட செய்தி அங்கேயே இருந்தால் அதுவே உங்களுக்குச் சாட்சி.

வேலூர்க்காரர் சொன்ன 25,000? பக்கத்தில் இருக்கிறார் என்பதற்காக மட்டும் கொடுக்க வேண்டாம். இங்கே 25,000 வாங்கி, அதே வெளிநாட்டுத் தளத்தில் 6,000க்குக் கொடுத்துச் செய்பவர்களும் உண்டு. யார் உட்கார்ந்து செய்வார், அவரை நான் பார்க்கலாமா என்று கேளுங்கள். காட்பாடிப் பக்கம் கல்லூரி மாணவர்கள் குறைவாகச் செய்து தருவார்கள், திறமையும் இருக்கும். ஆனால் படிப்பு முடிந்ததும் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அங்கேயும் டொமைன் உங்கள் பெயரில்தான்.

உண்மையில் உங்களுக்கு இப்போதே இணையதளம் வேண்டுமா என்றே எனக்குச் சந்தேகம். வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் (பொருள்களின் படப் பட்டியல்) இலவசம். ஒவ்வொரு கைலிக்கும் நீளம் எத்தனை மீட்டர், மூட்டியதா இல்லையா, சாயம் போகுமா, விலை என்ன என்று நீங்களே எழுதலாம். அப்பாவைவிட இதை நன்றாகச் சொல்ல எந்த ஃப்ரீலான்ஸராலும் முடியாது. சில மாதம் அதில் விற்றுப் பாருங்கள். எந்தக் கட்டம் ஓடுகிறது, எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்த பிறகு இணையதளம் கட்டினால் 25,000கூட வீணாகாது.

மலிவு ஃப்ரீலான்ஸர்களை அடியோடு விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாடியில் காலை வெயிலில் கைலிகளை விரித்துப் படமெடுங்கள். பின்னணியை நீக்கி ஒரே அளவில் வெட்டித் தரும் வேலையைத் தாராளமாக அவர்களிடம் கொடுக்கலாம். சரியா தப்பா என்று வந்த அன்றே உங்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். முதலில் ஐந்து படம் மட்டும் அனுப்புங்கள், நிறம் மாறாமல் வருகிறதா என்று கைலியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மற்றதைக் கொடுங்கள்.