நம்பர் அடிக்க எந்த மிஷின்?

கேள்வி: அண்ணாச்சி, பேட்டையில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஃப்ளாஞ்ச், ஷாஃப்ட் எல்லாம் செய்கிறோம். இதுவரை நம்பர் பஞ்ச் அச்சை சுத்தியலால் அடித்து ஓட்டினோம். இப்போது ஆர்டர் தருகிறவர்கள் வரிசை எண்ணோடு டேட்டா மேட்ரிக்ஸ் கோடும் (க்யூஆர் மாதிரி ஸ்கேன் செய்கிற கட்டக் குறியீடு) கேட்கிறார்கள். லேசர் வாங்கவா, டாட் பீன் போதுமா?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: முதலில் இதைச் சொல்லுங்கள் தம்பி, அந்த உருப்படிக்கு அப்புறம் பெயிண்ட் அடிப்பார்களா? அடிப்பார்கள் என்றால் டாட் பீன்தான். கார்பைடு ஊசி படபடவென்று குத்தி, புள்ளி புள்ளியாக எழுத்தை உண்டாக்கும், பள்ளம் விழுவதால் பெயிண்டுக்கு மேலேயும் வாசிக்கலாம், காற்றில் ஓடுவதும் உண்டு, கரண்டில் ஓடுவதும் உண்டு, பெரிய உருப்படி என்றால் மிஷினையே கையில் தூக்கிக்கொண்டு போய் அடிக்கிற மாடலும் இருக்கிறது. சத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி. டேட்டா மேட்ரிக்ஸும் அடிக்கும், ஆனால் இடம் தாராளமாக வேண்டும்.

வழவழப்பான பரப்பில் பொடி எழுத்து, குட்டி டேட்டா மேட்ரிக்ஸ் என்றால் ஃபைபர் லேசர். 1064 நானோமீட்டர் அலைநீள ஒளி. இரும்பு, அலுமினியத்தில் மேலோட்டமாக அடிக்க 20 வாட்டே போதும். மரத்துக்கும் அக்ரிலிக்குக்கும் அது சரிப்படாது, அதற்குக் கார்பன் டை ஆக்சைடு லேசர் தனி. 'எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதும்' என்று விற்பவர் சொன்னால், உங்கள் உருப்படியையே கொடுத்து அடித்துக் காட்டச் சொல்லி, ஸ்கேன் ஆகிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

இன்னொன்று, அந்த ஃபைபர் லேசர் ஒளி கண்ணுக்கே தெரியாது, ஆனால் விழித்திரையைச் சுட்டுவிடும். விலை குறைவென்று மூடி இல்லாத மாடலை வாங்கிவிட்டு, அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி இல்லாமல் பையன்களைப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள்.