உப்புநீர் மீன் தொட்டியில் பிரிஸ்டில் புழு: கேள்வி பதில் (கேட்டவர்களின் ஊர்ப்பெயரோடு)

பட்டர்வொர்த்: விளக்கை அணைத்தபின் லைவ் ராக் (நுண்ணுயிர்கள் வாழும் கடற்பாறை) இடுக்கிலிருந்து இளஞ்சிவப்புப் புழு வெளியே வருகிறது. எப்படிக் கொல்வது?

ஏன் கொல்ல வேண்டும், ஐயா? அது பிரிஸ்டில் புழு, நுண்முட்கள் கொண்ட கடற்புழு. மீன்கள் மிச்சம் வைத்த தீனி, செத்த நத்தை என்று அழுகுவதையெல்லாம் தின்று தீர்ப்பது அதுதான். புழு பெருகியிருந்தால் தீனி மிஞ்சுகிறது என்று பொருள். தீனியைக் குறையுங்கள், புழுவும் மெல்லக் குறையும். பாறையைத் தொடும்போது கையுறை அவசியம்.

பிரிக்பீல்ட்ஸ்: வெறுங்கையால் பாறையைத் தூக்கினேன். விரல் எரிகிறது.

தேய்க்காதீர்கள், புழுவின் முள் உடைந்து உள்ளே தங்கிவிடும். செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி உரியுங்கள். விரலை வெளிச்சத்தில் சாய்த்தால் முட்கள் கண்ணாடி இழைபோல் மின்னும். மின்னுவது நிற்கும்வரை புதுத் துண்டு எடுத்து ஒட்டி உரியுங்கள். பிறகு வினிகர் நனைத்த பஞ்சை வையுங்கள். வீக்கம் பரவினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இனியாவது கையுறை போடுங்கள், அம்மா.

கெப்போங்: என் பவளத்தைப் புழு தின்றதைக் கண்ணாலேயே பார்த்தேன். அதற்குப் போய்ப் பரிந்து பேசுகிறீர்களே!

நீங்கள் பார்த்ததை மறுக்கவில்லை. பவளம் முன்பே சாகத் தொடங்கியிருக்கும். அழுகும் திசுவைத் தேடித்தான் புழு வந்திருக்கும். பவளத்தை உயிரோடு மேய்வதற்குப் பேர்போன ஹெர்மோடிசி கருங்குலாட்டா என்ற புழு அட்லாண்டிக், மத்தியதரைக் கடல்களுக்கு உரியது. பவளம் சாகும் காரணத்தைத் தேடுங்கள். பகலில் வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறீர்கள் என்றால், பிற்பகலில் நீரின் வெப்பம் எவ்வளவு என்று பாருங்கள். ஆல்கலினிட்டி எனும் காரத்தன்மையையும் உப்படர்த்தியையும் அளந்துவிட்டு எழுதுங்கள்.

ஜெலுத்தோங்: கெப்போங் நண்பர் பக்கம்தான் நான். சிக்ஸ்லைன் ராஸ் மீன் விட்டேன், ஒரு புழுவும் இல்லை.

சிறியவற்றை அது தின்னும். பெரியவை பாறைக்குள்தான் இருக்கும். அடுத்து நீங்கள் விடும் சாதுவான மீனை அந்த ராஸ் விரட்டி விரட்டிக் கடிக்கும்போது என் பேச்சு நினைவுக்கு வரும்.

கெப்போங்: அப்படியானால் மருந்து ஊற்றிவிடுகிறேன்.

வேண்டவே வேண்டாம்! அத்தனை புழுவும் பாறைக்குள் ஒரே நேரத்தில் செத்து அழுகினால் அம்மோனியா ஏறி மீன்கள் மடியும். குறைத்தே தீரவேண்டும் என்றால், இரவில் பிளாஸ்டிக் குழாயில் ஒரு இறால் துண்டை வைத்து, விடியுமுன் குழாயோடு எடுங்கள். கையுறையோடு.

செந்தூல்: புழுவைக் கொல்வது எப்படி?

முதல் பதிலைப் படியுங்கள்.

பாயான் லெப்பாஸ்: இடுக்கியால் இரண்டாக நறுக்கிவிட்டேன்.

சில இனங்களில் துண்டும் புழுவாக வளரும். முழுதாக எடுங்கள்.

தஞ்சோங் பூங்கா: கடையில் பாறை விலை அதிகம். பாயார் தீவில் எடுத்து வரலாமா?

கூடாது. அது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்கீழ் வரும் கடல் பூங்கா. ஒரு துண்டுப் பவளம்கூட எடுக்காதீர்கள்.

அம்பாங்: தொட்டி நீரைக் குளிர்விக்க எந்தச் சில்லர் வாங்கலாம்?

கடைக்காரரைக் கேளுங்கள், தம்பி.

செராஸ்: என் புழுவுக்குத் தலையில் ஐந்து உணர்கொம்புகள். கரும்பழுப்பு உடல் வானவில்போல் மினுங்குகிறது. மீன்கள் காணாமல் போகின்றன.

இது வேறு சங்கதி. யூனிஸ் இனமாக இருக்கலாம். அதில் பெரியவை மீன் பிடித்துத் தின்னும். எந்தப் பாறையில் குடியிருக்கிறது என்று இரவில் சிவப்பு விளக்கில் பார்த்து வையுங்கள். பகலில் அந்தப் பாறையை அப்படியே வெளியே எடுத்து, உப்புநீர் நிரப்பிய தனி வாளியில் போடுங்கள். படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.