காலனியாதிக்க வரலாற்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர அரசியல் சுவரொட்டிகள் உதவுமா?

உதவும். ஆனால் எந்தச் சுவரொட்டி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதல் தடவை நான் எடுத்துக்கொண்டு போனது சரிப்படவில்லை.

நீலகிரியில் ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். 'ஐரோப்பியர்களின் வருகை' பாடத்துக்காக, எனக்கு மிகவும் பிடித்த கியூபா சுவரொட்டிகள் நாலைந்தை ஏ3 தாளில் கலர் பிரிண்ட் எடுத்துப் போனேன். 1966 ஜனவரியில் ஹவானாவில் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளின் மாநாடு நடந்ததே, அதையொட்டிப் பிறந்த ஓஸ்பால் (அந்த மூன்று கண்டத்து மக்களின் ஒற்றுமைக்கான அமைப்பு) போட்டவை. தங்கள் பத்திரிகைக்குள் மடித்து வைத்து உலகம் பூராவும் அனுப்பினார்கள். பலவற்றில் ஸ்பானியம், ஆங்கிலம், பிரெஞ்சு, அரபு என நாலு மொழியிலும் வாசகம் இருக்கும். பழங்குடிச் சிற்பத்தின் கையில் நவீனத் துப்பாக்கி! பார்த்த கண் எடுக்க முடியாது.

பிள்ளைகளுக்கும் பிடித்துத்தான் போனது. "மாஸ் டீச்சர்" என்றான் ஒருவன். மறுநாள் பாதி நோட்டுகளில் துப்பாக்கி. யாரை எதிர்த்து, எதற்காக என்று கேட்டால், "கெட்டவங்கள எதிர்த்து டீச்சர்." தீர்ந்தது. அந்தச் சுவரொட்டி பதிலைக் கையிலேயே கொடுத்துவிடுகிறது, பிள்ளை கேட்பதற்கு ஒன்றும் மிச்சம் வைப்பதில்லை.

அடுத்த வருடம், ஆண்டவர்களே ஒட்டிய சுவரொட்டிகளை எடுத்துப் போனேன் (வெள்ளைக்காரர்களைச் சொல்கிறேன், மேலே இருப்பவரை அல்ல).

பிரிட்டனில் 1926 முதல் 1933 வரை 'பேரரசுச் சந்தைப்படுத்தல் வாரியம்' என்று ஓர் அரசு அமைப்பு இருந்தது. பேரரசுக்குள் விளைந்த சரக்கையே வாங்குங்கள் என்று சொந்த ஜனங்களிடம் சொல்வதுதான் அதன் வேலை. இதற்கென்றே ஊர் ஊராகத் தட்டிகள் நிறுத்தி, ஐந்தைந்து தாள்கள் கொண்ட தொகுதிகளாகச் சுவரொட்டி ஒட்டினார்கள். அவற்றைச் சின்ன அளவில் அச்சிட்டு ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கும் அனுப்பினார்கள். நீங்கள் கேட்கும் யோசனை அவர்களுக்கு நூறு வருடம் முன்பே வந்துவிட்டது!

அதில் அட்ரியன் அல்லின்சன் என்ற ஓவியர் வரைந்த ஒரு ஜோடி உண்டு: 'கிழக்கு ஆப்பிரிக்கப் போக்குவரத்து', பழைய பாணி, புதிய பாணி. முன்னதில் தலைச்சுமையோடு நடக்கிற ஆப்பிரிக்கர்கள், பின்னதில் பாலமும் லாரியும். இரண்டையும் பலகையில் ஒட்டிவிட்டு நான் எதுவும் சொல்லவில்லை. "வெள்ளைக்காரன் நல்லதுதானே பண்ணியிருக்கான்?" என்றது முன்வரிசை. வரட்டும் என்று காத்திருந்தேன். பிறகு மூன்று கேள்விகள்: படத்தில் யார் வேலை செய்கிறார்கள், யாருக்காக, யார் படத்திலேயே இல்லை?

மூன்றாவது கேள்விதான் கதவைத் திறந்தது. அதற்கு முந்தைய தலைமுறையில், 1896 தொடங்கி அதே கிழக்கு ஆப்பிரிக்காவில் உகாண்டா ரயில்பாதை போட இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 32,000 பேரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள், சுமார் 2,500 பேர் அங்கேயே செத்தார்கள் என்று சொன்னேன். அவர்களில் ஒருவர்கூட இந்தப் படத்தில் இல்லை. வகுப்பு கப்சிப். புத்தகத்தில் இதே எண்ணை வாசித்திருந்தால் கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பார்கள்.

கியூபா சுவரொட்டிகளைத் தூக்கிப் போட்டுவிடவில்லை, அவற்றை இதற்குப் பிறகுதான் காட்டுகிறேன். யாருக்குக் கோபம், ஏன் கோபம் என்று தெரிந்த பிள்ளைக்கு அந்தத் துப்பாக்கி வேறு மாதிரி தெரிகிறது.

இன்னொன்று, எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் வாய்த்தது. மெக்டொனால்டு கில் என்ற பிரிட்டிஷ் ஓவியர் 1940இல் தேயிலை விளம்பரத்துக்காக வரைந்த பெரிய உலக வரைபடம். 'தேநீர் உலகுக்குப் புத்துயிர் தருகிறது' என்பது தலைப்பு. வண்ணமயமாக, தேயிலை பற்றிய குறிப்புகளோடு ஜாலியான படம். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் தோட்டத்துப் பிள்ளைகள். சிலருடைய தாத்தா பாட்டிகள் 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தப்படி (இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்ற ஒப்பந்தம்) இலங்கையிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டமே தொடங்கியது.

"யார் இல்லை?" என்று நான் ஆரம்பிக்கும் முன்பே ஒரு பெண் பிள்ளை படத்தின் பக்கத்தில் போய் நின்று, இலங்கை இருக்கும் இடத்தில் விரலை வைத்து, "லயம் எங்க டீச்சர்?" என்றாள்.

தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயமும் இல்லை, அவர்களை மேய்த்த கங்காணியும் இல்லை. தேநீர் மட்டும்தான்.

மறுநாள் அவள் ஒரு பழைய ஃபேமிலி கார்டின் (ரேஷன் கார்டு அல்ல, தாயகம் திரும்பிய குடும்பங்களின் அட்டை) ஜெராக்ஸைக் கொண்டுவந்தாள். அவளுடைய பாட்டி தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியபோது கையில் வைத்திருந்தது. "எங்க ஒட்டட்டும்?" என்று கேட்டாள். உனக்கு எங்கே தோன்றுகிறதோ அங்கே என்றேன். இலங்கையை மறைக்காமல், இலங்கைக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் கடல்மேல் ஒட்டியிருக்கிறாள். கார்டு பெரிது, கடல் சின்னது. இந்தியாவில் கொஞ்சம் மறைந்துபோயிற்று.